ஜாவா பீன்களை இணையச் சேவையாக வெளியிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2006-இல் நிறுவனப் பயன்பாடுகளுக்கான ஜாவா தளமான ஜாவா ஈஈ 5 வெளிவந்த பிறகு, ஏற்கெனவே சர்வரில் இயங்கும் ஒரு ஸ்டேட்லெஸ் செஷன் பீனை (அழைப்புகளுக்கிடையே எதையும் நினைவில் வைக்காத ஜாவா வகுப்பு) இணையச் சேவையாக, அதாவது பிற நிரல்கள் வலையமைப்பு வழியாக அழைக்கும் சேவையாக மாற்ற, அதன் மேல் 'வெப்சர்வீஸ்' என்ற அனொட்டேஷனை, அதாவது நிரலில் இடும் சிறு குறிப்பைச் சேர்த்தாலே போதும். சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பையும், எக்ஸ்எம்எல் வடிவிலான சோப் செய்திகளைக் கையாளும் வேலையையும் சர்வரே பார்த்துக்கொள்ளும். இந்த வசதியை நம்பி, உருவான கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் வெளியிடுவதுதான் முதல் தவறு. ஜாவா நிரல் நம் வீட்டுக்குள் இருப்பது. வெளியே இருப்பவர்களுக்கு நாம் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அந்தக் கோப்பு மட்டுமே.

கிடங்கின் இருப்பைச் சொல்லும் ஒரு மெத்தட் (அழைக்கக்கூடிய செயல்), பொருள் குறியீடு, கிடங்குக் குறியீடு என்ற இரண்டு எழுத்துச் சரங்களைப் பெறுவதாகக் கொள்வோம். பெயர் எதையும் குறிப்பிடாவிட்டால் ஒப்பந்தத்தில் அவை 'ஆர்க்0', 'ஆர்க்1' என்றே பதிவாகும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதும் எதிர்த்தரப்பு நிரலர் இரண்டையும் இடம் மாற்றி அனுப்பினாலும், செய்தியின் வடிவத்தைச் சோதிக்கும் ஸ்கீமா சரிபார்ப்பில் அது பிடிபடாது. 'வெப்பேரம்' அனொட்டேஷன் கொண்டு பெயரிட்டுவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. ஒப்பந்தத்திலுள்ள பெயர்களைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் பெயர்வெளியும் அப்படித்தான்: நாம் தராவிட்டால் அது ஜாவா பேக்கேஜின் (வகுப்புகளின் தொகுப்பு) பெயரிலிருந்து எடுக்கப்படும், பின்னாளில் யாரேனும் நிரலை ஒழுங்குபடுத்துவதற்காகப் பேக்கேஜை மாற்றினால், அன்றுவரை இயங்கிய எல்லா வாடிக்கையாளர் நிரல்களும் ஒரே நாளில் நின்றுபோகும். ஒரே பெயரில் இரண்டு மெத்தட்கள் இருப்பதை ஜாவா அனுமதித்தாலும், இணையச் சேவைகளுக்கான 'டபிள்யூஎஸ்-ஐ' (WS-I) அமைப்பு 2004-இல் வெளியிட்ட அடிப்படை விவரக்குறிப்பு அனுமதிப்பதில்லை. ஆர்பிசி-என்கோடட் என்ற செய்தி வடிவத்தையும் அது விலக்கியிருக்கிறது.

தரவுத்தள அட்டவணையோடு பிணைந்த என்டிட்டி வகுப்பையே விடையாகத் திருப்பி அனுப்புவதைத்தான் நான் மிகவும் கடுமையாக எதிர்ப்பேன். ஆர்டருக்குள் பொருள்வரிகள், ஒவ்வொரு பொருள்வரிக்குள்ளும் மறுபடி அதே ஆர்டர் என்று சுட்டிகள் வட்டமிடும்போது, ஜாவா தரவை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஜாக்ஸ்பி, அதை எழுத முடியாமல் பிழை காட்டி நின்றுவிடும். தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும் புலங்களோ, தரவுத்தளப் பரிவர்த்தனை முடிந்த பிறகு எக்ஸ்எம்எல்லாக மாற்றப்படும்போது பல நேரங்களில் பிழை எழுப்பும். இவற்றை அனொட்டேஷன்களால் ஒட்டுப்போட்டுச் சமாளித்தாலும், அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசை சேர்ந்தால் ஒப்பந்தமும் மாறிவிடும் என்ற அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கும். எனவே வெளியே அனுப்புவதற்கென்றே தனி வகுப்புகளை எழுதுவது அவசியம். அதற்காகும் கூடுதல் உழைப்பு வீண்போகாது.

பிழைகளைக் கையாள்வதில் ஒரு நுட்பமான பொறி உண்டு. முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லாத ரன்டைம் எக்செப்ஷன் எழுந்தால் பரிவர்த்தனை தானாகப் பின்வாங்கப்படும் (எழுதியதெல்லாம் ரத்தாகும்), ஆனால் எதிர்த்தரப்புக்குப் பொருளற்ற ஒரு ஃபால்ட் (பிழைச் செய்தி) மட்டுமே போய்ச் சேரும். அதைச் சரிசெய்ய 'இருப்பு போதவில்லை' என்பது போன்ற செக்டு எக்செப்ஷனை மெத்தட்டிலேயே அறிவித்தால் செய்தி தெளிவாகிவிடும். ஆனால் அப்போது பரிவர்த்தனை தானாகப் பின்வாங்காது, பாதி எழுதிய தரவு நிலைத்துவிடும். 'அப்ளிகேஷன்எக்செப்ஷன்' அனொட்டேஷனில் ரோல்பேக் மதிப்பை ட்ரூ என்று வைத்தால்தான் இரண்டும் சரியாக நடக்கும். அதேபோல், விடை வரத் தாமதமானதால் எதிர்த்தரப்பு மீண்டும் அனுப்பும் ஆர்டர் இரண்டாவது ஆர்டராகப் பதிவாகாமலிருக்க, கோரிக்கையிலேயே தனித்த எண் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இயங்கும் சர்வர், வெளியிலிருந்து எட்ட முடியாத தன் உள் முகவரியை டபிள்யூஎஸ்டிஎல்லில் எழுதிவிடுவதும் வழக்கமான கோளாறு. 2018-இல் வந்த ஜாவா 11-இலிருந்து இணையச் சேவைகளுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் நிரலகம் நீக்கப்பட்டதையும், 2020-இல் ஜாவா ஈஈ-யின் வாரிசான ஜகார்த்தா ஈஈ 9 வந்தபோது பேக்கேஜ் பெயர்கள் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறியதையும் மறந்துவிடக் கூடாது. பழைய பெயரிலுள்ள அனொட்டேஷனைப் புதிய சர்வர் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. பீன் பிழையின்றி நிறுவப்படும், சேவை மட்டும் இருக்காது. ஆகவே நிறுவியவுடன் டபிள்யூஎஸ்டிஎல் முகவரியை வெளி வலையமைப்பிலிருந்து ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.