பப்பாப்பழ ஜெலி ஏன் உறைவதில்லை? வீட்டில் நாம் விடும் பிழைகள்

கிளிநொச்சியில் தங்கை வீட்டுப் பிறந்தநாள். வளவில் பழுத்த பப்பாப்பழத்தை மசித்து, ஜெலற்றின் கரைத்து ஊற்றி, ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தை இரவே பிரிட்ஜில் வைத்துவிட்டோம். காலையில் கிண்ணத்தைச் சரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது அப்படியே ஒரு பக்கமாக ஓடியது. ஜெலற்றின் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றினோம். மத்தியானம் பார்த்தபோதும் அதே சாறுதான். பிள்ளைகள் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

உறையாத ஜெலிக்கு மேலும் மேலும் ஜெலற்றின் போடுவதுதான் பலரும் விடும் பிழை. ஜெலற்றின் என்பது மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கிற புரதம். பப்பாவில் இருக்கும் பப்பெயின் என்ற நொதியம் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். முற்றல் ஆட்டிறைச்சி அவியாமல் நின்றால் சட்டிக்குள் ஒரு துண்டு பப்பாக்காய் போடுவோம் அல்லவா? இறைச்சியை மெதுவாக்கும் அதே சாமான்தான் ஜெலியையும் தண்ணீராக்குகிறது. காயில் இருப்பதைவிடப் பழத்தில் அது குறைவு. ஆனாலும் ஜெலியைக் கெடுக்க அது போதும். அன்னாசியில் புரோமெலெயின் இருக்கிறது. நிறைய அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கிவி, அத்திப்பழம், பச்சை இஞ்சிச் சாறு எல்லாம் இதே கூட்டம்.

மருந்து சூடுதான். பழத்தைக் கொஞ்சம் சீனியோடு அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் நொதியம் செயலிழந்துவிடும். அன்னாசிக்கு, கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் போதும். பப்பெயின் சூட்டைக் கூடத் தாங்குவதால் பப்பாவை நான் பத்து நிமிடம் விடுவேன். சூடு துண்டின் நடு வரை போகவேண்டும், அதனால் சிறிதாக வெட்டுங்கள். ரின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடேற்றியது, அப்படியே போடலாம்.

ஜெலற்றினைக் கரைப்பதிலும் அவசரப்படுகிறோம். தூளைக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் ஊதி, உள்ளே காய்ந்த தூளோடு கட்டி கட்டியாக நிற்கும். குளிர்ந்த தண்ணீரின் மேல் தூவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு சூடான சாற்றில் கலக்குங்கள். கலந்த பிறகு கொதிக்க விடவேண்டாம், உறையும் பலம் குறைந்துபோகும்.

சரி, உறைந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த பிழை, அதை வெளியில் வைப்பது. ஜெலற்றின் ஜெலி 35 பாகை செல்சியஸை எட்டும் முன்பே உருகத் தொடங்கும். வாயில் வைத்ததும் கரைகிற சுகம் அதனால்தான். ஆனால் சித்திரை, வைகாசியில் வன்னியில் பந்தலுக்குக் கீழேயே அந்தச் சூடு வந்துவிடும். மேசையில் வைத்து, பாட்டுப் பாடி, கேக் வெட்டி முடிவதற்குள் ஜெலி கிண்ணத்தில் குளம் கட்டிவிடும். இடையில் கரண்ட் போனால் பிரிட்ஜும் கைகொடுக்காது.

அதனால் விருந்துக்குச் செய்வதானால் நான் கடற்பாசியைத்தான் சொல்வேன். அகர் அகர், சைனா கிராஸ் என்றும் கடையில் கேட்கலாம். சிவப்புக் கடற்பாசியில் இருந்து எடுப்பது, புரதமே இல்லை. பச்சைப் பப்பாவோ அன்னாசியோ போட்டாலும் நொதியத்துக்கு அதில் வெட்ட ஒன்றும் இருக்காது. 40 பாகைக்குக் கீழ் வந்ததும் பிரிட்ஜ் இல்லாமலே உறையும். உறைந்த பிறகு 85 பாகை அளவில்தான் உருகும். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் எல்லாரும் மனக்கவலை இல்லாமல் எடுக்கலாம். ஜெலற்றின் போட்டிருந்தால் விருந்தாளிக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பரிமாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடற்பாசிக்கும் தன் குணம் உண்டு. ஜெலற்றின் போல இளஞ்சூட்டில் கரையாது. அரை லீற்றர் தண்ணீருக்கு நாலு கிராம் தூள் போட்டு, கிண்டிக் கிண்டி நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். கொடித்தோடைச் சாறு, தேசிக்காய்ப்புளி போன்றவற்றை அதோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் புளிப்பு பாசியின் பலத்தைத் தின்றுவிடும். அடுப்பால் இறக்கிய பிறகு விடுங்கள். சாறு பிரிட்ஜில் இருந்து எடுத்த குளிரோடு இருக்கக்கூடாது, பட்ட இடத்திலேயே பாசி திரிதிரியாகிவிடும். கிண்ணத்தில் ஊற்றுமுன் ஒரு கரண்டி எடுத்துக் குளிர்ந்த பீங்கான் தட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் விரலால் தள்ளினால் சுருங்கவேண்டும். இளகி நின்றால் கொஞ்சம் தூளை வேறாகத் தண்ணீரில் கொதிக்க வைத்துச் சேர்க்கலாம்.

வன்னிப் பழம் எல்லாவற்றையும் ஜெலிக்குள் போடவும் வேண்டாம். விளாம்பழத்திலும் கொய்யாவிலும் பெக்ரின் என்ற, சாற்றை இறுக்கும் பொருள் நிறைய. சாற்றைச் சீனியும் புளிப்பும் சேர்த்துக் காய்ச்சினால் தானாகவே இறுகும். வத்தகப்பழத் துண்டு தண்ணீர் விட்டு ஜெலியை இளக்கும், சாறாக்கிச் சேர்ப்பதே நல்லது. பாலைப்பழத்தை நான் ஒருநாளும் போட்டதில்லை. உதட்டில் பால் ஒட்ட ஒட்ட, கையில் அள்ளித் தின்னவேண்டிய பழம் அது.

பப்பா நிறத்தின் மேல் தேங்காய்ப்பால் வெள்ளையாக ஒரு படை வேண்டுமென்றால், கீழ்ப்படை முழுதாக இறுகும்வரை காத்திருக்கக் கூடாது. விரலால் தொட்டால் தோல் மட்டும் கட்டியிருக்கவேண்டும், கொஞ்சம் ஒட்டவேண்டும். அந்த நேரத்தில் சூடான தேங்காய்ப்பால் கலவையைக் கரண்டியின் முதுகில் மெதுவாக வழியவிடுங்கள். பிந்தினால் வெட்டும்போது மேல்படை வழுக்கித் தட்டை விட்டே போய்விடும்.