சோலார் ஹீட்டர் பைப்ல காத்து மாட்டிக்கிச்சா?

கீழக்கரைல எங்க வீட்டு மாடில சோலார் ஹீட்டர் போட்டிருக்கோம், உள்ள சுடுதண்ணி நிறைய கெடந்தும் குழாயத் தொறந்தா புஸ்ஸு புஸ்ஸுனு காத்துதான் வந்துச்சு. மேல்டேங்க் காலியாகி மறுபடி நெரம்புறப்ப பைப் மேடா வளைஞ்ச எடத்துல காத்து நின்னுக்கும், 10 அடி உசரத்துக்கு பிரஷர் 0.3 பார்தான், அந்த பிரஷரால காத்தத் தள்ள முடியாது.

மிக்சர் டேப் வாயை மடிச்ச ஈரத்துணியால அமுக்கிட்டு பச்சத்தண்ணிய முழுசாவும் சுடுதண்ணிய மெதுவாவும் தொறங்க, பச்சத்தண்ணி சுடுதண்ணி பைப்புக்குள்ள பின்னால ஏறி காத்தத் தள்ளிரும், கை பத்திரம்.

அப்பயும் மெதுவா வந்தா நம்ம ஊரு உப்புத்தண்ணிதான், ஜாயிண்ட கழட்டிப் பாத்தா வெள்ளையா ஓடு மாதிரி படிஞ்சிருக்கும்.

ஹீட்டர் டேங்க்ல இருந்து ஆவியும் காத்தும் வெளிய போற வென்ட் பைப்ப மட்டும் தயவுசெஞ்சு அடைச்சிராதீங்க, டேங்க் வெடிச்சிரும். காஞ்ச கண்ணாடிக் குழாய்ல உச்சிவெயில்ல தண்ணி விடாதீங்க.