வைப்புத்தொகையைப் பிடித்துவைத்த பந்தல் குழிகள்

தெரு ஆண்டுவிழா முடிந்து 12 நாளாகியும் திடலுக்குக் கட்டிய வைப்புத்தொகை வரவில்லை. ‘இடம் பழைய நிலையில் இல்லை’ என்றது திடல் நிர்வாகம். இருமுறை பெருக்கினோம். அப்போது நடப்பிலிருந்த 2016 திடக்கழிவு விதிகளின்படி, 100 பேருக்கு மேல் கூடுவதை 3 வேலைநாள் முன்பே தெரிவித்ததற்கும், குப்பையைத் தரம்பிரித்து ஒப்படைத்ததற்கும் சான்று காட்டினேன். பயனில்லை.

திடல் மேற்பார்வையாளருடன் சுற்றி நடந்தபோதுதான் தெரிந்தது: பந்தல்கால் குழிகள்! மூடித்தான் வைத்திருந்தோம், ஆனால் மழையில் மண் இறங்கி ஒவ்வொன்றும் அரையடிப் பள்ளம். புல் மறைத்திருந்தது. ஓடும் பிள்ளை கால் வைத்தால் எலும்பு முறியும்.

தோண்டினால், உள்ளே சாக்கும் உடைந்த ஆப்பும். மண் இறங்கியதற்கு அவைதான் காரணம். எடுத்துப்போட்டு, ஒரு சாண் மண், தண்ணீர், திமிசுக்கட்டை (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) இடி என அடுக்கடுக்காக நிரப்பி, மேலே இரண்டு விரற்கடை மேடாக விட்டோம். இரண்டு நாளில் மட்டமானது. மேற்பார்வையாளரின் கையெழுத்துக் கிடைத்தது, அதே வாரம் பணமும் வந்தது. அப்பாடா!