ரிட்டையர் ஆன தம்பதிகள் மோட்டார்ஹோமில் அவுட்பேக் போவது எப்படி? முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு

போன வருடம் மே மாதக் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் சிட்னியில் ஒரு மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலியாவின் ஆள் குறைந்த உள்நாட்டுப் பகுதி வழியாகவே குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வின்டன் வரைக்கும் போய் வந்தோம். அவருக்கு 68 வயது, எனக்கு 65. அதற்கு முன் காரைவிடப் பெரிய வண்டி எதையும் நாங்கள் தொட்டதில்லை. திரும்பி வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாருக்கும் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

படி 1: மாதத்தையும் வழியையும் முடிவு செய்யுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை போங்கள், அங்கே அது குளிர்காலம். கோடையில் அந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நம் வயதுக்கு அது வேண்டாம். குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும். ராத்திரிக் குளிர் எலும்பில் இறங்கும், நல்ல ரஜாய் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் வழி இது: சிட்னி, டப்போ, நின்கன், பர்க், கன்னமுல்லா, சார்லவில், பிளாக்கால், பார்கால்டைன், லாங்ரீச், வின்டன். போகும் வழி மட்டும் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். முழுக்கத் தார் ரோடு. இது முக்கியம், ஏனென்றால் வாடகை மோட்டார்ஹோம்களைப் பெரும்பாலும் மண் ரோட்டில் ஓட்டக்கூடாது. மீறினால் இன்சூரன்ஸ் செல்லாது. ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தை இரண்டு பேரும் தனித்தனியாகப் படியுங்கள்.

ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். வரைபடத்தில் பார்த்தால் மூன்று மணி நேரம்தானே என்று தோன்றும். நடுவில் டீ போட நிறுத்துவீர்கள், ஆற்றங்கரையில் நிற்பீர்கள், ஊருக்குள் போனதும் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். நாங்கள் ஆறு வாரம் எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு நாள்கூட அதிகம் என்று தோன்றவில்லை.

படி 2: வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே மொத்த எடை 4.5 டன் வரையுள்ள வண்டியை ஓட்டலாம். இரண்டு பேருக்கான மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். ஆட்டோமேடிக் கியர் கேளுங்கள். கட்டில் தரையோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் தலைக்கு மேலே ஏணி வைத்து ஏறும் கட்டில் பார்க்க அழகாக இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் வலியோடு இறங்கிப் பார்த்தால் தெரியும். கழிவறை உள்ளேயே இருக்கட்டும்.

வாடகை வண்டியை எடுக்கும் இடத்தில் சுற்றிலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கூரையையும் சேர்த்து. வண்டியின் உயரத்தைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் எதிரே ஒட்டுங்கள். எங்களுடையது 3.2 மீட்டர். பெட்ரோல் பங்க் கூரை, தாழ்ந்த மரக்கிளை எதைக் கண்டாலும் அந்தச் சீட்டைப் பார்ப்போம்.

படி 3: இரண்டு பேரும் எல்லா வேலையையும் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் வழக்கம் என்ன? ஓட்டுவதும் கேஸ் மாட்டுவதும் வீட்டுக்காரர் வேலை, சமையலும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நம் வேலை. அவுட்பேக்கில் இந்தப் பங்கீடு ஆபத்து. டாம்போ என்ற சின்ன ஊரைத் தாண்டி பிளாக்கால் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று தலைசுற்றல் வந்தது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டிவிட்டார். கதவைத் திறந்து வாந்தி எடுத்தார். நிமிர முடியவில்லை. சுற்றிலும் புல்வெளி, வேலிக் கம்பி, வானம். போனில் சிக்னல் இல்லை. அவரைப் பக்கத்து சீட்டில் சாய்த்து பெல்ட் போட்டுவிட்டு, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைச் சரி செய்துகொண்டு அறுபது கிலோமீட்டர் நான் ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, காதுக்குள் வரும் கோளாறுதான், பயமில்லை என்றார்கள். இரண்டு நாளில் எழுந்துவிட்டார்.

நான் ஓட்ட முடிந்ததற்குக் காரணம், டப்போவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை காலியான மைதானத்தில் இரண்டு மணி நேரம் பழகியதுதான். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வளைவில் பின்பக்கம் எவ்வளவு வெளியே வீசுகிறது என்று ஒருவர் கீழே நின்று பார்த்துச் சொல்லட்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது எப்போதும் ஒருவர் இறங்கி நிற்க வேண்டும், கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை என்றால் வண்டி அசையக்கூடாது. அப்புறம் தினமும் முதல் ஒரு மணி நேரம் நான்தான் ஓட்டுவேன் என்று வைத்துக்கொண்டேன்.

அதேபோல் அவர் என் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மருந்து ஒரு மாதத்துக்கு மேலாகவே கையில் இருக்கட்டும். சின்ன ஊர்களில் மருந்துக்கடை இருக்கும், உங்கள் மருந்து அன்றைக்கு அங்கே இருக்க வேண்டுமே! சிக்னலுக்கு அந்தப் பக்கம் டெல்ஸ்ட்ராதான் ஓரளவு எடுக்கும். வேறு கம்பெனி போன் வைத்திருந்தால் ஒரு டெல்ஸ்ட்ரா ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்களுக்கு நடுவில் அதுவும் கிடைக்காது. அவசரத்துக்குச் செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பீக்கன் கருவி ஒன்று கூடவே இருப்பது நல்லது.

படி 4: தண்ணீர், கரண்ட், கேஸ், கழிவு

வண்டியில் நல்ல தண்ணீர் டாங்க் ஒன்று, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று. இருவருக்கு ஒரு நாளைக்கு இருபது லிட்டரில் ஓட்டிவிடலாம், கொஞ்சம் பழக வேண்டும். குடிக்க மட்டும் பத்து லிட்டர் கேன் இரண்டு தனியாக வையுங்கள்.

அங்கே பல ஊர்களில் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரந்துகிடக்கும் கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்ற நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து அது வருகிறது. பூமிக்குள்ளிருந்து சூடாகவே மேலே வரும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். முதல் நாள் வின்டனில் குளிக்கப் போனவள் வாடையைத் தாங்காமல் வெளியே வந்துவிட்டேன். பயப்பட வேண்டாம், அது கந்தக வாயு. அகலமான பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் வாடை போய்விடும். நான் ராத்திரியே பிடித்து வைத்துவிடுவேன், காலையில் காபிக்கு ஆகும்.

கரண்ட் விஷயத்தில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். கேரவன் பார்க்கில், அதாவது இந்த மாதிரி வண்டிகள் பணம் கட்டித் தங்கும் இடத்தில், கரண்ட் உள்ள இடம் எடுத்தால் ஒயரைக் கம்பத்தில் மாட்டியதும் வீடு மாதிரி எல்லாம் வேலை செய்யும், ரைஸ் குக்கர் உட்பட. மற்ற இடங்களில் உங்களிடம் இருப்பது 12 வோல்ட் பேட்டரி மட்டும். விளக்கு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜ், ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். ஆகவே குக்கரும் தவாவும் கேஸில் வைப்பதாக இருக்கட்டும். இட்லி மாவு குளிரில் பொங்காது. வண்டி நிற்கும் நாளில் முன்கண்ணாடிக்கு அடியில் வெயில் படும்படி அரைப் பாத்திரம் மாவை வைத்தேன், சாயங்காலத்துக்குள் பொங்கி வந்துவிட்டது.

வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். சமைக்கும்போது ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கு உலை.

இனி கழிவறை. கீழே ஒரு பெட்டி இருக்கும், கசட் என்பார்கள். வெளியிலிருந்து கதவைத் திறந்து உருவி எடுத்து, கழிவு கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் பாயிண்ட்டில் கொட்ட வேண்டும். கையுறை போடுங்கள். வாயைக் கீழ்நோக்கித் திருப்பிச் சாய்த்த பிறகு, பெட்டியின் மேலுள்ள காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஊற்றினால் குபுக் குபுக்கென்று தெறிக்காமல் ஒரே சீராக இறங்கும். இரண்டு முறை அலசி ஊற்றி, மருந்து போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மாட்டிவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை. காட்டில் கொட்டவே கூடாது. இந்த வேலையையும் மாறி மாறிச் செய்தோம்.

படி 5: கிளம்பும் முன் எதிரெதிராகச் சுற்றுங்கள்

ஒருவர் வலமாக, ஒருவர் இடமாக வண்டியைச் சுற்றி வர வேண்டும். கரண்ட் ஒயர், தண்ணீர்க் குழாய், படிக்கட்டு, ஆன்டெனா, கூரை ஜன்னல், கேஸ் வால்வு, டயர். உள்ளே ஃபிரிட்ஜ் கொக்கி, அலமாரிக் கொக்கிகள். எங்களிடம் பட்டியல் இருந்தது. ஆனால் கன்னமுல்லாவில் அவசரமாகக் கிளம்பிய அன்று அவர் பார்த்திருப்பார் என்று நானும், நான் பார்த்திருப்பேன் என்று அவரும் இருந்துவிட்டோம். கூரை ஜன்னல் திறந்தே இருந்தது. தொண்ணூறு வேகத்தில் டமால் என்று பிய்த்துக்கொண்டு போனது. மீதி வழி முழுக்க அந்த ஓட்டையை பிளாஸ்டிக் தாளும் டேப்பும் போட்டு மூடினோம். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வது வழக்கமாகிவிட்டது: "படிக்கட்டு ஏத்தியாச்சு", "கேஸ் மூடியாச்சு".

படி 6: சாலையில்

விடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள், நான்கு மணிக்குள் நிறுத்துங்கள். விடியலிலும் அந்தியிலும் கங்காரு குறுக்கே வரும், ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று வரும். ஈமுவும் வேலி இல்லாத இடங்களில் மாடும் வரும். எதிரே வந்துவிட்டால் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். இவ்வளவு உயரமான வண்டி கவிழ்ந்துவிடும்.

ரோட் ட்ரெயின் என்பது ஒரு லாரி இரண்டு மூன்று டிரெய்லர்களை இழுத்து வருவது. நீளம் 53.5 மீட்டர் வரை இருக்கும். எதிரே வரும்போது காற்று நம் வண்டியைத் தள்ளும், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். பின்னால் வந்து முந்த நினைத்தால் நேரான இடமாகப் பார்த்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வழி விடுங்கள். ஒரு வண்டி அகலமே தார் போட்ட ரோட்டில் எதிரே வந்தால், நீங்கள்தான் முழுக்க ஓரம் இறங்கி நிற்க வேண்டும். கையில் வாக்கிடாக்கி மாதிரியான யூ.எச்.எஃப் ரேடியோ இருந்தால் 40-ஆம் சானலில் லாரிக்காரர்களைக் கேட்கலாம், பேசலாம். கேரவன்காரர்கள் 18-இல் இருப்பார்கள்.

டீசல் பாதியானதும் அடுத்த ஊரில் நிரப்புங்கள். மழை பெய்தால் ஊரிலேயே இருந்துவிடுங்கள். ரோட்டில் தண்ணீர் ஓடினால், எவ்வளவு ஆழமில்லாததாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அது வணக்கம், நீங்களும் தூக்குங்கள்.

படி 7: ஊரில் இறங்கி நடங்கள்

தங்க கேரவன் பார்க், ஷோகிரவுண்ட் எனப்படும் ஊர்க் கண்காட்சித் திடல், ஆற்றங்கரையில் இலவச இடம் என்று மூன்று வகை உண்டு. விக்கிகேம்ப்ஸ் ஆப்பில் எல்லாம் தெரியும். நாங்கள் இரண்டு ராத்திரி இலவசம், ஒரு ராத்திரி கரண்ட் உள்ள இடம் என்று மாற்றிக்கொண்டோம். இலவச இடத்தில் தங்கினால் அந்த ஊரிலேயே ரொட்டி, காய்கறி, டீசல் வாங்குங்கள். அந்தக் கடைகள் நிற்பது பயணிகளின் காசிலும்தான்.

சார்லவில்லில், விமானத்தில் வந்து வைத்தியம் பார்க்கும் பறக்கும் மருத்துவர் சேவையின் தளம் இருக்கிறது, 1928-இல் கிளான்கரியில் தொடங்கிய சேவை அது. என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போனது அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான். அந்த அறுபது கிலோமீட்டரில் அந்த விமானத்தின் நினைவு எனக்குத் தெம்பாக இருந்தது. அதே ஊரில் மழை வரவழைக்க 1902-இல் வானத்தை நோக்கிச் சுட்ட ஸ்டைகர் பீரங்கிகளையும் பாருங்கள். மழை வரவில்லை, பீரங்கி இருக்கிறது. பிளாக்காலில் ஜாக்கி ஹவ் சிலை. 1892-இல் கைக் கத்திரியால் 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளுக்கு ரோமம் வெட்டியவர்.

பார்கால்டைனில் ஒரு சாயங்காலம் முழுக்க இருங்கள். 1891-இல் ரோமம் வெட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தின்போது கூடிய 'அறிவு மரம்' ரயில் நிலையத்துக்கு எதிரே நின்றது, ஆஸ்திரேலியாவின் லேபர் கட்சியின் பிறப்போடு சேர்த்துச் சொல்லப்படும் மரம். 2006-இல் யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். பட்ட அடிமரத்தை அங்கேயே காத்து, மேலே ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைத் தொங்கவிட்டு 2009-இல் மண்டபம் எழுப்பினார்கள். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மெல்ல முட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி போவேன்.

லாங்ரீச்சில் குவாண்டாஸ் விமானக் கம்பெனியின் மியூசியத்தில் 747 விமானத்துக்குள் ஏறிப் பார்க்கலாம். 1920-இல் வின்டனில் பதிவான கம்பெனி அது. வின்டனுக்கு வெளியே மேசைபோல் தட்டையான குன்றின் மேல் டைனோசர் மியூசியம், எலும்பைச் சுத்தம் செய்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

படி 8: திரும்பும் வழி

வந்த வழியே திரும்பலாம். வேறு ஊர்கள் பார்க்க ஆசை என்றால் பார்கால்டைனிலிருந்து கிழக்கே எமரால்டு வழியாகக் கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள ராக்ஹாம்டனுக்குப் போய், அங்கிருந்து தெற்கே வரலாம். நாங்கள் அப்படித்தான் வந்தோம். வண்டியை ஒப்படைப்பதற்கு முந்தின ராத்திரி கரண்ட் உள்ள பார்க்கில் தங்கிவிடுங்கள். கசட்டையும் அழுக்குத் தண்ணீரையும் காலி செய்து, டீசல் நிரப்பி, முதலில் எடுத்த அதே கோணங்களில் மறுபடி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்தது எதுவாக இருந்தாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கூரை ஜன்னலுக்கு நாங்கள் அப்படிச் சொல்லித்தான் பணம் கட்டினோம்.