'சவுண்ட்' என்றால் எல்லா இடத்திலும் சத்தம்தானா?

"சும்மா சவுண்டு விடாதே" என்று அதட்டும் அதே வாயால், "அவர் நல்ல சவுண்ட் பார்ட்டி, நம்பிக் கடன் கொடுக்கலாம்" என்றும் சொல்கிறோம். முதலாவதில் இருப்பது சத்தம். இரண்டாவதில் சத்தத்துக்கு வேலையே இல்லை. கையில் காசு உள்ள, நிலை ஆட்டம் காணாத ஆள் என்று பொருள். பேச்சில் இந்த வேறுபாடு நமக்குத் தன்னால் பிடிபடுகிறது. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் கோளாறு வருகிறது. 'சவுண்ட்' கண்ணில் பட்டதும் கை 'ஒலி' என்று எழுதிவிடுகிறது.

இது ஒரே சொல், ஒலி என்ற பொருளிலிருந்தே மற்றவை எல்லாம் கிளைத்தன என்று நினைப்பதுதான் அடிப்படைத் தவறு. இவை நான்கு தனிச் சொற்கள். வெவ்வேறு வழியில் ஆங்கிலத்துக்குள் வந்து, காலப்போக்கில் எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாகிப் போனவை. நதியைக் குறிக்கும் 'ஆறு' என்ற சொல்லிலிருந்து எண் பிறந்தது என்று நாம் சொல்வதில்லையே, அப்படித்தான் இதுவும்.

ஒலியைக் குறிக்கும் சவுண்ட், லத்தீன் 'சோனஸ்' பிரெஞ்சு வழியாக வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அது வெறும் 'சூன்'; கடைசியில் உள்ள 'ட்' பிற்பாடு வாய்வழக்கில் ஒட்டிக்கொண்டது. இடியைக் குறிக்கும் 'தண்டர்' என்ற சொல்லிலும் இதே கதைதான். ஜெர்மானியர் இன்றும் அதை 'டோனர்' என்றே சொல்கிறார்கள், நடுவில் 'ட்' கிடையாது. சோனிக், ரெசனன்ஸ் போன்ற சொற்களில் பழைய வேர் அப்படியே இருக்கிறது.

அதிகம் குழப்புவது இரண்டாவது சவுண்ட். பெயரடையாக வருவது. பழுதில்லாத, நலமான, உறுதியான என்று பொருள். இதன் சொந்தக்காரர்கள் ஜெர்மன் மொழியில் இருக்கிறார்கள்: அங்கே 'கெசுண்ட்' என்றால் ஆரோக்கியமான, யாராவது தும்மினால் 'கெசுண்ட்ஹைட்' என்று வாழ்த்துவார்கள். பழைய ஆங்கிலத்திலும் முன்னால் ஓர் அசை இருந்தது, பின்னாளில் உதிர்ந்துவிட்டது. பொருள் ஒத்துப்போவதால் லத்தீனின் 'சானஸ்' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. அதுவும் தவறு. சானஸ் தந்த சொல் 'சேன்', அதாவது புத்தி தெளிந்த.

'சவுண்ட் ஸ்லீப்' என்பது ஆழ்ந்த, நிம்மதியான தூக்கம். குறட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உயிலில் வரும் 'சவுண்ட் மைண்ட்' தெளிந்த மனநிலை. ஓர் அணியை 'சவுண்ட்லி' தோற்கடித்தார்கள் என்றால் ஆரவாரமாக அல்ல, முழுமையாகத் தோற்கடித்தார்கள்.

தர்க்கவியலில் இந்தச் சொல்லுக்கு இன்னும் கறாரான வரையறை உண்டு. 'எல்லாப் பறவைகளும் பறக்கும். பெங்குவின் ஒரு பறவை. ஆகவே பெங்குவின் பறக்கும்.' இந்த வாதத்தின் வடிவம் சரி, அதனால் அது 'வேலிட்'. ஆனால் முதல் கூற்று பொய், அதனால் அது 'சவுண்ட்' அல்ல. வடிவமும் சரியாக இருந்து, கூற்றுகள் எல்லாம் உண்மையாகவும் இருந்தால்தான் அந்தப் பட்டம். இரண்டையும் 'சரியான வாதம்' என்று எழுதிவிட்டால் பாடமே தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, ஆழம் பார்ப்பது. பிரெஞ்சு மொழியின் 'சோந்தே' என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய வேரைப் பற்றி அகராதிக்காரர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் வேலை என்னவென்று தெளிவாகத் தெரியும். கப்பலிலிருந்து கடலுக்குள் இறக்கும் கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு. குண்டின் அடியில் ஒரு குழி, அதில் விலங்குக் கொழுப்பை அப்பியிருப்பார்கள்; தரையில் மோதியதும் மணலோ சேறோ சிப்பியோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கயிற்றில் குறிப்பிட்ட தூரங்களில் தோல் துண்டும் வெவ்வேறு துணிகளும் கட்டியிருக்கும், இருட்டிலும் மாலுமி விரலால் தடவியே ஆழத்தைச் சொல்லிவிடலாம். கணக்கு பாகத்தில் (ஆங்கிலத்தில் ஃபாதம்), ஒரு பாகம் 6 அடி. 1875 மார்ச்சில் சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் மரியானா அகழிப் பகுதியில் கயிறு இறக்கியபோது 4,475 பாகம் போனது, 8 கிலோமீட்டருக்கும் மேல். அந்த அளவீட்டுக்குப் பெயர் 'சவுண்டிங்'. ஒலியே இல்லாத வேலை.

இதை மறந்தால் தவறுகள் வரிசைகட்டி வரும். 'சவுண்டிங் ராக்கெட்' ஒலி எழுப்பும் ராக்கெட் அல்ல. வளிமண்டலத்தின் மேலடுக்குகளை அளந்து வரும் ஆய்வு ராக்கெட் அது. பலூனில் கட்டி அனுப்பும் 'ரேடியோசோண்ட்' கருவியின் பெயரிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது. மருத்துவர் 'சவுண்ட்' என்று கேட்டு வாங்குவது உடலின் குழாய்களுக்குள் செலுத்திப் பார்க்கும் மெல்லிய உலோகக் கம்பி. ஒருவரை 'சவுண்ட் அவுட்' செய்வது, அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஆழம் பார்ப்பது. திமிங்கிலம் 'சவுண்ட்' செய்தது என்றால் அது கத்தவில்லை, ஆழத்துக்குள் பாய்ந்தது.

இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு எல்லா 'சவுண்டிங்'கையும் ஆழமாக்கிவிடவும் கூடாது. 'சவுண்டிங் போர்ட்' ஒலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தேவாலயத்தில் பிரசங்க மேடைக்கு மேலே, குரல் கூட்டத்தை எட்டுவதற்காக வைத்த பலகை அது. நம் யோசனையைச் சொல்லிப் பார்க்க உதவும் ஆளை அப்படி அழைப்பது அதிலிருந்து வந்ததுதான். 'எக்கோ சவுண்டர்' கருவியின் வேலை ஒலியை அனுப்பி ஆழம் அறிவது. ஆனால் அதன் பெயரில் உள்ள சவுண்டர் ஆழம் பார்ப்பவரே.

நான்காவது, நீரிணை, அதாவது இரு நிலப்பகுதிகளுக்கு நடுவே உள்ள குறுகலான கடல். நீந்துவதையும் நீரிணையையும் குறித்த 'சுண்ட்' என்ற பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழி) சொல்லின் வழி வந்தது. நீந்துதலைக் குறிக்கும் 'ஸ்விம்' இதன் உறவு. டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே உள்ள ஓரெசுண்ட், அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் எல்லாம் இந்த வகை. ஓரெசுண்டைக் கடக்கும் கப்பல்களிடம் டென்மார்க் 1429 முதல் 1857 வரை வசூலித்தது 'சவுண்ட் டோல்'. அதை 'ஒலி வரி' என்று எழுதினால் ஒரு நாட்டின் வரலாறே புரியாமல் போய்விடும். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்ட் பெயரளவில்தான் சவுண்ட். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த அந்த இடம் உண்மையில் ஃபியோர்டு.

எழுதும்போது எப்படிப் பிரித்தறிவது? பெயரடையாக வந்தால் பெரும்பாலும் நலம், உறுதி. 'அன்சவுண்ட்', 'சவுண்ட்லி', 'சவுண்ட்னெஸ்' மூன்றும் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஓர் ஊர்ப்பெயருக்குப் பின்னால் வந்தால் தண்ணீரைத் தேடுங்கள். 'சவுண்டிங்' என்று வந்தால் எது அளக்கப்படுகிறது என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் நல்ல ஆங்கில அகராதியில் இந்தச் சொல் மேலே சிறு எண்களுடன் தனித்தனித் தலைப்பாக இருக்கும். முதல் தலைப்போடு நிறுத்தாமல் கடைசி வரை போய்ப் பாருங்கள். அந்த எண் வரிசை அகராதிக்கு அகராதி மாறும், அதனால் குறிப்பெடுக்கும்போது எண்ணை எழுதாமல் பொருளை எழுதி வையுங்கள்.