எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்டிடம் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்டாக, அதாவது நோய்க்கு ஏற்ற உடற்பயிற்சி அமைத்துத் தருபவராக, வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் தமிழர்கள் பலருக்கு டைப் 2 சர்க்கரை, கூடவே பிரஷர், முழங்கால் வலி. உட்கார்ந்ததும் கேட்பது, "தினமும் நடக்கிறேனே, அது போதாதா?" நடப்பது நல்லதுதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் நாற்பதைத் தாண்டினால் தொடைத் தசை கரையத் தொடங்கும். அதை நடை மட்டும் காப்பாற்றாது. டாக்டர் உங்களை எங்களிடம் அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் பண விஷயம். நாள்பட்ட நோய்க்கு உங்கள் குடும்ப டாக்டர் பராமரிப்புத் திட்டம் எழுதிக் கொடுத்தால், ஒரு காலண்டர் ஆண்டில் ஐந்து சந்திப்புகளுக்கு அரசின் மெடிகேர் காப்பீடு பணம் தரும். பிசியோ, பாதம் பார்க்கும் போடியாட்ரிஸ்ட், டயட்டீஷியன் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த ஐந்து. மிச்சக் கட்டணம் கட்ட வேண்டுமா என்று நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: ஒரு மதிப்பீடு, அப்புறம் எட்டு குழு வகுப்புகள் வரை. இவை அந்த ஐந்தில் சேராது. டாக்டரிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

முதல் முறை வரும்போது மாத்திரைப் பெட்டிகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்றால் எனக்குப் போதாது. பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரொலால் மாதிரி மாத்திரை எடுப்பவருக்கு இதயத் துடிப்பு வழக்கம்போல் ஏறாது. கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. அவர்களுக்குப் பேச்சுதான் அளவு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு சின்ன வாழைப்பழம், சாப்பிட்டு, மறுபடி பார்த்து, ஏறிய பிறகுதான் தொடங்க வேண்டும். சர்க்கரையால் கண்ணில் லேசர் சிகிச்சை செய்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கனம் தூக்குவதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "எச்பிஏ1சி குறையணும்" (சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்பது டாக்டரின் ஆசை. மேஸ் ஹில் முருகன் கோயிலில் தரையில் உட்கார்ந்து யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும் என்று ஒரு அம்மா சொன்னார். எனக்கு அது போதும், அதை வைத்தே பயிற்சி அமைக்கலாம்.

அவருக்கு 62 வயது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணினேன். அந்த வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு என்று கணக்கு. அவர் 8இல் நின்றார். ஒவ்வொரு முறையும் எழும்போது மூச்சை அடக்கினார். பிரஷர் உள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது. எழும்போது மூச்சை விடச் சொன்னேன். வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியில் ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு உயரம் கூட்டி, மூன்று எண்ணும் நேரம் மெதுவாக இறங்க வேண்டும். எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். அது சுலபமானதும் மெத்தையை எடுத்துவிட்டோம். அப்புறம் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே செய்தார்.

தசை சுருங்கும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சியின் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். அதனால் தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடை இதோடு நன்றாகச் சேரும்.

முழங்கால் வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டாம். பத்துக்கு நான்கு வரை வலித்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. வீக்கமோ, அடுத்த நாளும் நீடிக்கும் வலியோ இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே பிரஷர் 180/110க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலித்தால் நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்கு 000 அழையுங்கள்.

ஐந்து சந்திப்பையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடாதீர்கள். இரண்டாவது ஒன்றிரண்டு வாரத்தில். செய்முறை சரியா என்று நான் பார்க்க வேண்டும். பிறகு மாதம் ஒன்று. அடுத்த எச்பிஏ1சி முடிவு கையில் வரும்வரை ஒன்றை மிச்சம் வையுங்கள். அந்த எண் ஏறக்குறைய மூன்று மாதக் கதையைச் சொல்லும். வீட்டில் செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல்லுங்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால் காலையில் முடியவில்லையா, அரிசி வேகும் நேரத்தில் செய்கிற மாதிரி மாற்றித் தருகிறேன். செய்ததாகச் சொன்னால் நான் கனத்தைக் கூட்டுவேன், சிரமம் உங்களுக்குத்தான்.

கடைசிச் சந்திப்பில் அடுத்த சில மாதங்களுக்கான பயிற்சியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதோடு. ஜனவரியில் கணக்கு புதிதாகத் தொடங்கும்; பழைய பரிந்துரைக் கடிதம் இன்னும் செல்லுமா என்று டாக்டரின் வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள்.