பெரும் போர் பார்க்கப் போகிறவர்களுக்கு: நிழல், கட்டுச்சோறு, ஸ்கோர் புத்தகம்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ மூன்று நாள் கிரிக்கெட் மட்ச். ரி20 பார்க்கிற மாதிரி இதைப் பார்க்கப் போனால் பதினொரு மணிக்கே அலுத்துவிடும். ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்காது. பிறகு பதினைந்து நிமிடத்தில் நாலு விக்கெட் விழும், அந்த நேரம் பார்த்து நீங்கள் கச்சான் வாங்க வரிசையில் நிற்பீர்கள். இங்கிலாந்தில் கவுண்டி ஆட்டம் நாலு நாள் போகிறது. அங்கே கிழடுகட்டைகள் சாப்பாட்டுப் பெட்டியும் பென்சிலுமாக வந்து காலையிலிருந்து மாலை வரை அசையாமல் இருப்பார்கள். எங்கள் மைதானத்தில் பாண்ட் சத்தம் கூட, ஆனால் ஆட்டத்தைப் பின்தொடர அதே பென்சில்தான் வேண்டும்.

வழக்கமாக மார்ச்சில் வியாழன், வெள்ளி, சனி என்று ஆட்டம் வைப்பார்கள். ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் இரண்டாம் நாளை எடுங்கள். சனிக்கிழமைதான் சனம் கூட வரும், ஆனால் ஆட்டம் மதியத்துக்கு முன்பே முடிந்துபோகலாம், இல்லாவிட்டால் முடிவில்லாமல் இழுபடலாம். இரண்டாம் நாளில் ஒரு பக்கத்தின் முதல் இனிங்ஸ் முடிந்து மற்றப் பக்கம் ஆடும், பின்தங்கிய பக்கத்தை உடனே மீண்டும் ஆடச் சொல்வார்களா என்ற கணக்கும் பெரும்பாலும் அன்றுதான் வரும்.

ஆறு பேர் நல்ல அளவு. அதற்கு மேல் போனால் இடம் பிடிப்பதும் கஷ்டம், சாப்பாட்டு நேரத்தில் ஒருவரை ஒருவர் தேடுவதும் கஷ்டம். இரண்டு கல்லூரிப் பழைய மாணவர்களும் ஒரே கூட்டத்தில் இருந்தால் பாண்டுக்கும் கொடிக்கும் தள்ளி இருங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் நாள் முழுக்க வாய் மூடி இருக்க வேண்டி வரும். சனம் கூடிய நேரத்தில் தொலைபேசி சில வேளை எடுபடாது, ஆகவே சந்திக்கும் இடத்தை முதலே பேசி வையுங்கள். மைதான வாசல் வேண்டாம், எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். பொது நூலக வாசல் நல்லது: நடக்கிற தூரம், யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

எங்கே இருப்பது

நாள் நன்றாகப் போவதும் பாழாவதும் முக்கியமாக இதில்தான். மார்ச் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12.20 அளவில். அப்போது அது தலைக்கு நேரே இல்லாவிட்டாலும் கொஞ்சம்தான் தெற்கே சரிந்திருக்கும். ஆறு மீற்றர் உயர மதிலின் நிழல்கூட அந்த நேரத்தில் ஒரு மீற்றருக்குச் சற்று மேல்தான் விழும். பின்னேரம் மூன்றரைக்கு அதே மதிலின் நிழல் ஏறக்குறைய ஏழு மீற்றர் கிழக்கே நீளும். ஆகவே மைதானத்தின் மேற்குப் பக்கத்தில், முதுகுக்குப் பின்னால் மரமோ மதிலோ கூடாரமோ இருக்கிற மாதிரி இடம் பிடியுங்கள். காலையில் முகத்தில் வெயில் அடிக்கும், அதைத் தொப்பியோடும் குடையோடும் பத்தரை வரை பொறுத்துக்கொள்ளலாம். மதியத்துக்குப் பிறகு நிழல் தானாக உங்கள் மேல் ஏறும். கிழக்குப் பக்கம் இருந்தால் காலையில் சுகம், தேநீர் இடைவேளைக்குப் பிறகு கண்ணைக் கூசும் வெயிலில் பந்தே தெரியாது.

இதில் ஒரு குறை உண்டு. ஆடுகளத்தை வடக்கு-தெற்காகத்தான் போடுவது வழக்கம், ஆகவே மேற்கில் இருப்பவருக்குப் பந்து பக்கவாட்டில்தான் தெரியும். கட், புல் என்ற பக்கவாட்டு அடிகள் அழகாகத் தெரியும். பந்து உள்ளே வந்ததா வெளியே போனதா என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலமாவது எழுந்து போய்ப் பந்துவீச்சாளரின் கைக்குப் பின்னால், சைட் ஸ்கிரீன் என்ற பெரிய திரைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். புதுப் பந்து வரும் நேரமும் நல்ல சுழல்பந்து வீச்சாளர் வரும் நேரமும் அதற்குச் சரி. ஓவர் நடக்கும்போது சைட் ஸ்கிரீனுக்கு முன்னால் குறுக்கே நடக்க வேண்டாம். துடுப்பாட்டக்காரன் கை காட்டி ஆட்டத்தை நிறுத்துவான், ஐந்நூறு பேர் உங்களைப் பார்த்துக் கூவுவார்கள்.

நிலத்தில் இருக்க ஒரு தறப்பாளும் அதற்கு மேல் ஒரு பாயும் வேண்டும். தறப்பாள் மட்டும் போட்டால் பதினொரு மணிக்கு அடுப்புப் போலச் சுடும்.

தண்ணீரும் சாப்பாடும்

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். ஒன்றரை லீற்றர் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, சரித்து வைத்து முதல் நாள் இரவே உறைய வையுங்கள். காலையில் மிச்சத்தை நிரப்பினால் மதியம் வரை குளிர் நிற்கும். போத்தலை நிரப்பி உறைய வைத்தால் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் உருகி ஒரு மிடறு வர மணிக்கணக்காகும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் பின்னேரம் தலையிடிக்கும். உப்பும் தேசிக்காயும் போட்ட மோர் ஒரு போத்தல் எடுத்துப் போங்கள், அல்லது இடைவேளையில் இளநீர் குடியுங்கள்.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோவதே மேல். தேங்காய்ப்பால் விட்ட கறியை மட்டும் தொடாதீர்கள். காலை ஆறு மணிக்குக் கட்டினால் இந்த வெயிலில் ஒரு மணிக்குப் புளித்துவிடும். தேங்காய்ச் சம்பலும் அப்படித்தான். புளி விட்ட கட்டுச்சோறு, வாழைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், மோர்மிளகாய், வேண்டுமானால் கருவாட்டுப் பொரியல் என்று வாட்டிய வாழையிலையில் ஆளுக்கொரு பார்சல் கட்டுங்கள். சோற்றை நன்றாக ஆறவிட்டுக் கட்டுவது முக்கியம். சூட்டோடு கட்டினால் இலைக்குள் வியர்த்துப் பழுதாகும். ரொட்டியும் கட்டைச் சம்பலும் இதைவிட லேசான வேலை. ரோல்ஸ், கடலை, கச்சான், ஐஸ்கிறீம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஐயாயிரம் ரூபாய்த் தாளுக்கு மிச்சம் தர ஆள் இருக்காது. இது பாடசாலை மைதானம், சாராயம் கொண்டுபோகிற யோசனை இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

ஸ்கோர் புத்தகம்

நண்பர்கள் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினால் அந்த நாள் முழுக்க ஆறு பேரும் ஆட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். வாங்க வேண்டியதில்லை, கோடு போட்ட சீ.ஆர். கொப்பி போதும். இடது பக்கத் தாளில் துடுப்பாட்டமும் உதிரிகளும் (துடுப்பால் அடிக்காமல் வரும் ஓட்டங்கள்), வலது பக்கத் தாளில் பந்துவீச்சும். பென்சில் இரண்டு, அழிறப்பர் ஒன்று. பேனை வேண்டாம், நடுவர் சைகையை மாற்றினால் பக்கம் அலங்கோலமாகும். ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். பத்து ஓவருக்கு ஒரு தடவை சோடியை மாற்றுங்கள்.

குறியீடுகள் கொஞ்சம்தான். ஓட்டம் இல்லாத பந்துக்குப் புள்ளி. அகலப் பந்துக்கு (வைட்) சிலுவை. முறையற்ற பந்துக்கு (நோ போல்) வட்டம். துடுப்பிலும் உடம்பிலும் படாமல் போன பந்துக்கு ஓடும் ‘பை’க்கு முக்கோணம், உடம்பில் பட்டுப் போன பந்துக்கு ஓடும் ‘லெக் பை’க்குத் தலைகீழ் முக்கோணம். விக்கெட்டுக்கு டபிள்யூ. ஓட்டமே கொடுக்காத ஓவரின் ஆறு புள்ளிகளையும் இணைத்து எம் ஆக்குவார்கள்.

ஓர் ஓவரை எழுதிப் பார்ப்போம். முதல் பந்தில் ஒன்றுமில்லை, அடுத்தது நாலு. பிறகு ஓர் அகலப் பந்து. அதன் பிறகு ஓர் ஓட்டம், ஒரு லெக் பை, ஒரு புள்ளி, கடைசிப் பந்தில் போல்ட். வலது பக்கத் தாளில் ஏழு குறி இருக்கும், ஆனால் எண்ணத்துக்கு ஆறு பந்துதான். துடுப்பில் வந்தது 5, உதிரிகள் 2, மொத்தம் 7. பந்துவீச்சாளரின் பெயரில் ஏறுவது 6 மட்டும். அகலப் பந்தும் முறையற்ற பந்தும் அவர் கணக்கு, பையும் லெக் பையும் அவர் கணக்கில்லை.

இதிலிருந்தே சரிபார்க்கும் வழியும் வருகிறது. துடுப்பாட்டக்காரரின் ஓட்டங்களோடு உதிரிகளைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்ததோடு பையையும் லெக் பையையும் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். பத்து ஓவருக்கு ஒருக்கால் பாருங்கள். இனிங்ஸ் முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது. அடிக்கடி வரும் பிழை, முறையற்ற பந்தில் அடித்த நாலு ஓட்டம்: நாலு அடித்தவருக்கு, ஒன்று உதிரிக்கு, ஐந்தும் பந்துவீச்சாளருக்கு. ரன் அவுட்டைப் பந்துவீச்சாளரின் விக்கெட்டாக எழுதுவது மற்றப் பிழை.

புத்தகம் கையில் இருந்தால் ஆட்டத்தின் போக்கைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முன்பே சொல்லலாம். மூன்று நாள் ஆட்டத்தில் முதலில் ஆடிய பக்கம் 150 ஓட்டம் முன்னிலை எடுத்தால் மற்றப் பக்கத்தை உடனே இரண்டாம் இனிங்ஸையும் தொடர்ந்து ஆடச் சொல்லலாம். 262 எடுத்திருந்தால் எதிரணி தப்ப 113 வேண்டும், 112 போதாது. முதல் நாள் முழுவதும் மழையில் போனால் அந்த 150 நூறாகக் குறையும், மார்ச்சில் அது அபூர்வம். மூன்றாம் நாள் பின்னேரம் மணித்தியாலத்துக்கு 15 ஓவர் என்று வைத்து மிச்சத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு மணித்தியாலம் மிச்சம், 150 தேவை என்றால் ஓவருக்கு 5. கையில் ஏழு விக்கெட் இருந்தால் துரத்துவார்கள். நாலுதான் இருந்தால் அடிக்காமல் தடுத்தே ஆடி வெற்றி தோல்வியில்லாமல் முடிக்க நிற்பார்கள், அப்போது களத்தடுப்புக்காரர்கள் துடுப்பைச் சுற்றி நெருங்குவதைப் பாருங்கள், அதுதான் நல்ல காட்சி. அரைச்சதம் அடித்த பொடியனுக்கு மாலை போட உள்ளே ஓடுகிறவர்கள் அந்த ஓவர்களில் இரண்டையாவது விழுங்கிவிடுவார்கள். உங்கள் கூட்டத்தில் யாரும் ஓட வேண்டாம்.

ஆட்டம் முடிந்தவுடன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போகாதீர்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒழுங்கைகள் அசையாது. குப்பையை ஒரு பையில் கட்டிக்கொண்டு கோட்டைப் பக்கமாகப் பண்ணைக் கடற்கரைக்கு நடந்து, காற்றில் இருந்து புத்தகத்தைக் கடைசியாகக் கூட்டுங்கள். ஓர் ஓட்டம் உதைத்தால் சோடி மாறிய ஓவர்களை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விடுபட்டிருக்கும்.